நன்றாக உழைக்கும் என்று யாரைச் சொல்கிறோம்?

மார்ச் 3, 2024 – கேள்வி

ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது மிக்சி. நேற்று சட்னி அரைக்கும்போது ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை, அவ்வளவுதான். பாட்டி வீட்டு ஆட்டுக்கல் இன்னும் கொல்லையில் அப்படியே கிடக்கிறது. பாட்டியும் எண்பத்தாறு வயது வரை அப்படியேதான் இருந்தார். அந்தக் காலத்தில் பொருளும் கெட்டி, ஆளும் கெட்டி. இப்போது இரண்டுமே பொத்தல். இதை மறுக்க யாராவது இருக்கிறீர்களா?

மார்ச் 3, இரவு

மறுக்க வரவில்லை, ஒத்துப் பாடத்தான் வந்தேன்.

என்னிடம் ஒரு தோசைக்கல் இருக்கிறது. அப்பாயி காலத்துக் கல், இரும்பு. பழைய பேப்பர் வாங்க வந்தவரின் தராசில் ஒரு நாள் விளையாட்டாக வைத்துப் பார்த்தேன், 2 கிலோ 800 கிராம் காட்டியது. அவர் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காப்பி கொடுக்காமல் அனுப்பியிருப்பேன்.

திருமணமாகித் திருச்சிக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஐந்து வாடகை வீடு மாறியாகிவிட்டது. விறகு, மண்ணெண்ணெய், எரிவாயு என்று மூன்று நெருப்பையும் பார்த்துவிட்டது. நடுவில் ஒரு கறுப்பு, ஓரத்தில் வேறு கறுப்பு. என் கணவர் ஆசையாக வாங்கிவந்த ஒட்டாத தவா ஒன்றரை ஆண்டில் தோலுரிந்து, இப்போது துளசிச் செடிக்குத் தண்ணீர்த் தட்டாக இருக்கிறது.

இன்னொன்று. கடையில் செருப்பை எடுத்துக் காட்டுபவர் "இது நன்றாக உழைக்கும் அம்மா" என்கிறார். செருப்பு எங்கே உழைக்கிறது? உழைப்பது கால். ஆனாலும் நம் மொழியில் நீண்ட நாள் வருவதற்கு அதுதான் சொல். செருப்பும் உழைக்கும், மாடும் உழைக்கும், மருமகளும் உழைப்பாள். பெண் பார்க்க வந்தபோது என் மாமனார் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே பாராட்டு இது. செருப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 4, காலை

கனமாக இருந்தால் கெட்டி என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. கனமும் கெட்டியும் ஒன்றல்ல.

இரும்புக் கல்லில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வார்ப்பு இரும்பு, உருக்கி அச்சில் ஊற்றுவது. இன்னொன்று தகட்டை வெட்டி அடித்துச் செய்வது. வார்ப்புக்கல் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், கீறலும் அதிகம் விழாது. ஆனால் அதில் கரிச்சத்து அதிகம், நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை. அதனால் அது கடினமே தவிர வளைந்து கொடுக்கத் தெரியாது. எதிர்வீட்டுப் பெண் வாங்கிய புதுக்கல் மேடையிலிருந்து விழுந்து, அப்பளம்போல இரண்டாகப் போனது. இன்னொரு வீட்டில் கொதிக்கிற கல்லில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். 'டப்' என்று ஒரு விரிசல்.

என்னுடையது தகட்டுக்கல். ஒரு முறை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தெருவில் விழுந்தது (வற்றல் காயவைத்திருந்தேன், பூனை). ஓரம் வளைந்தது. பட்டறையில் கொடுத்து நாலு தட்டுத் தட்டி வாங்கிவந்தேன். வளைந்ததால்தான் பிழைத்தது.

மார்ச் 6

கேள்வி கேட்டவர் ஆட்களைப் பற்றியும் கேட்டார். எல்லோரும் பாத்திரம் பண்டத்திலேயே நின்றுவிட்டோம்.

என் அப்பாயிக்கு ஊர் பேராவூரணிப் பக்கம். தொண்ணூற்றொரு வயது வரை இருந்தார். பத்துப் பிள்ளை பெற்று ஆறு தங்கியது. நடவுக்குப் போவார், திரும்பி வந்து உலை வைப்பார். எழுபது வயதில் தலையில் நெல் மூட்டையோடு வரப்பில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். தலைவலி என்று படுத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. எழவு வீட்டில் வந்தவர் போனவர் எல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "வைரம் பாய்ந்த கட்டை."

அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கட்டையில் ஒரு சிராய் நான் என்று.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

ஈயச்சொம்பு பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆம், தலைமுறை கடந்து வரும். என் அம்மாவின் சொம்பு முப்பது ஆண்டு ரசம் வைத்தது. அடுப்பில் ஏற்றும் முன் உள்ளே புளித்தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் இருக்கும் வரை சொம்பு அந்தச் சூட்டைத் தொடாது. தண்ணீர் வற்றினால் கதை முடிந்தது.

முடித்துவைத்தவன் என் அண்ணன். அம்மா கோயிலுக்குப் போகும்போது "ரசத்தைப் பார்த்துக்கொள்" என்றார். அவன் கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டான். திரும்பி வந்தபோது அடுப்பின் மேல் வெள்ளிக் குளம். அம்மா அழவில்லை. "யார் ஜெயித்தார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 9

வெட்கக்கேடு. ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது.

இங்கே எழுதியதைப் பெருமையாக அம்மாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். தோசைக்கல் வந்ததும் "நிறுத்து" என்றார்.

"அது உன் அப்பாயி கல் இல்லை. அந்தக் கல் 1977 புயலில் அடுக்களைச் சுவர் விழுந்தபோது உடைந்துபோயிற்று. அது வார்ப்பு. நீ வைத்திருப்பது அடுத்த தை மாதம் பட்டுக்கோட்டைச் சந்தையில் நான் வாங்கியது. உன் அப்பாயிக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. தோசை ஓரம் முறுகவில்லை என்பார்."

ஆக, 'மூன்று தலைமுறை' இரண்டாகிவிட்டது. மூன்று நெருப்பு என்று எழுதியது மட்டும் சரி, அதை அம்மா ஒப்புக்கொண்டார். இதோடு விட்டாரா என்றால் இல்லை. வீட்டில் 'கல்யாணச் சீர்' என்று நாங்கள் கொண்டாடும் அரிவாள்மனைக்குப் பலகை இரண்டு முறையும் அலகு ஒரு முறையும் மாற்றியாகிவிட்டதாம். சீராக வந்ததில் இப்போது மீதி இருப்பது அந்தப் பெயர்தான்.

மார்ச் 10

அம்மா சொன்னதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பழையது எல்லாம் கெட்டி என்று ஏன் நம்புகிறோம்? கெட்டுப்போன பழையது நம் கண்ணில் இல்லை, அதனால். உடைந்த வார்ப்புக்கல் காயலான் கடைக்குப் போய், உருகி, வேறு ஏதோ ஆகி, அதுவும் துருப்பிடித்திருக்கும். தங்கிய கல் மட்டும் அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு "அந்தக் காலம்" என்று சாட்சி சொல்கிறது.

நிஜமான அந்தக் காலத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அப்பாவின் சைக்கிள் வாரம் தவறாமல் பஞ்சர். பம்பு ஸ்டவ் வாரத்தில் நாலு நாள் பின் குத்தாமல் எரியாது. பேனா கசிந்து சட்டைப்பை நீலம். வானொலிப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினால்தான் செய்தி வரும். குடைக்கு ஆண்டுக்கு இரண்டு கம்பி. எதுவும் கெட்டியாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்ய ஒருவர் இருந்தார், அவருக்குக் கொடுக்கும் கூலி புதுப்பொருளின் விலையைவிட மிகக் குறைவாக இருந்தது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் துருத்தியோடு வேப்பமரத்தடியில் குழி தோண்டி உட்காருவார். நவச்சாரப் புகையின் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறிக் கைத்துப்போகும். அந்தப் பித்தளைக்குக் கிடைத்த பேரில் பாதி அந்த மனிதருக்குச் சேர வேண்டியது.

அப்பாவின் கைக்கடிகாரம் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரப் பிரிவு அது. 2016இல் மூட முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவின் கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அதற்குத் தினமும் காலையில் சாவி கொடுத்தார், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் போட்டு வாங்கினார். அவர் போன பிறகு நாங்கள் சாவி கொடுக்கவில்லை. அலமாரியில் 4.10 காட்டிக்கொண்டு கிடக்கிறது. அம்பாசடர் காரும் அப்படித்தான். 2014இல் நிறுத்தினார்கள். அது பழுதாகாத வண்டி என்று சொன்னால் ஓட்டிய எவரும் சிரிப்பார்கள். எந்த ஊர்ப் புளியமரத்தடியிலும் பழுதுபார்க்க முடிந்த வண்டி, அதுதான் அதன் கியாதி.

மார்ச் 10, மதியம்

யாரோ எதிர்பார்த்தபடியே அந்தக் கலிபோர்னியா பல்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். லிவர்மோர் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிகிறது, பிறகு பல்பு நிறுவனங்கள் 1924இல் ஜெனீவாவில் கூடி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று பேசிவைத்தன என்று. கூடிப் பேசியது உண்மைதான், பதிவாகியிருக்கிறது. அந்த பல்பையும் குறை சொல்லவில்லை. ஆனால் அது இப்போது தருவது ஏறக்குறைய நான்கு வாட் வெளிச்சம். அதில் புத்தகம் வாசிக்க முடியாது. அணைத்து அணைத்துப் போடுவதும் இல்லை. இழை குளிர்ந்து மறுபடி சூடாகும்போது படும் அடி அதற்கு இல்லை.

மார்ச் 10, ஐந்து நிமிடம் கழித்து

அதாவது அது என் பெரியப்பா. தொண்ணூற்றாறு வயது. ஒரு வேலையும் செய்ததில்லை, யாரும் அவரை எழுப்பியதும் இல்லை.

மார்ச் 15

ஊருக்குப் போய் வந்தேன். பனை பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் ஊர் அந்த வழியில் இருந்தது. விடிந்ததும் சித்தப்பா தோப்புக்குப் போனார், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். நான் போனது பத்து நாள் கழித்து. தென்னை எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துக் கிடந்தது, வாரிவிட்ட தலைமுடி மாதிரி. சிலது வேரோடு, சிலது இடுப்பில் முறுக்கி ஒடிந்து. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் அதுதான் காட்சி. வரப்பில் நின்ற பனைகள் மட்டும் அப்படியே நின்றன. மட்டை பிய்ந்திருந்தது. மரம் நின்றது. அன்றிலிருந்து ஊரில் பேச்சு மாறிவிட்டது. "பனையைப் பார்த்தாயா!"

பார்த்தேன். அதன் பின்கதையையும் பார்த்தேன். பனை காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும். தென்னை ஐந்தாறு ஆண்டில் பாளை விடும், பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, கையில் காசு. பள்ளிக்கூடக் கட்டணமும் வங்கித் தவணையும் இருபது ஆண்டு காத்திருக்காது. பனை ஏற ஆளும் இல்லை. சித்தப்பா பனையைப் புகழ்ந்துகொண்டே மறுபடி தென்னங்கன்றுதான் வைத்தார். இந்த முறை நான் போனபோது அது காய்க்க ஆரம்பித்திருந்தது. "அடுத்த புயலுக்கு என்ன செய்வீர்கள், சித்தப்பா?" என்றேன். "அடுத்த புயலுக்குள் கடன் முடிந்துவிடும், ஆத்தா" என்றார்.

உறுதியானதைப் போற்றுவதற்குச் செலவில்லை. அதை நட்டு வளர்க்கத்தான் கையில் காசு வேண்டும்.

மார்ச் 16

ஒருவர் கேட்கிறார்: பனைதானே வைரம் பாய்ந்த மரம், உங்கள் அப்பாயியும் பனை மாதிரிதானா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேக்கு, புளி, வேம்பு இவற்றில் வைரம் நடுவில். பனையில் நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் சோற்றி. வலுவெல்லாம் வெளிப்புறத்துக் கறுப்பு நாரில். ஓட்டு வீட்டுக்குப் பனஞ்சட்டம் அறுக்கும்போது ஆசாரி மரத்தை நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருப்பதைச் செதுக்கித் தள்ளிவிட்டு ஓரத்தைத்தான் எடுப்பார். எங்கள் பழைய வீட்டின் சட்டங்களை இறக்கியபோது அப்படித்தான் பார்த்தேன். ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் உமி.

தொல்காப்பியத்தின் மரபியலில் இதற்கு இடம் இருக்கிறது. காழ் என்றால் வைரம். புறத்தே காழ் உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் பனையைத் தேக்கோடு சேர்க்காமல் நெல், மூங்கில் இருக்கும் ஒருவித்திலைப் பக்கத்தில்தான் வைக்கிறது.

ஆட்களிலும் இந்த இரண்டும் உண்டு. என் மூத்த மாமா புறக்காழ். மீசை, அதட்டல், நெஞ்சை நிமிர்த்திய நடை. அத்தை இறந்த பதினாறாம் நாளில் ஆளே தொய்ந்துபோனார். ஒரு தோசை சுட்டுக்கொள்ளத் தெரியாமல் விழித்தார். அத்தை வாய் பேசாதவர், எதற்கும் சரி என்பவர். அந்த வீட்டின் காழ் எங்கே இருந்தது என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அப்பாயி? அகக்காழ் என்று எழுதிவிட்டு அழித்துவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 17, இரவு வெகுநேரம்

மரத்தில் வைரம் பாய்வது என்றால் என்ன என்று கல்லூரியில் தாவரவியல் படித்த என் மகளிடம் கேட்டேன். நடுமரத்து உயிரணுக்கள் செத்துப்போகின்றன, பிசினும் மற்றவையும் அதில் அடைந்து இறுகுகின்றன, அதுதான் வைரம் என்றாள். அதில் நீர் ஓடாது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறுவது வெளிவட்டத்து வெண்மரத்தில். அதனால்தான் நடுவெல்லாம் பொந்தாகி, உள்ளே ஆந்தை குடியிருக்கும் புளியமரமும் ஆண்டுதோறும் காய்க்கிறது.

ஆக, வைரம் பாய்ந்தது என்றால் அந்த இடம் செத்து இறுகிவிட்டது என்று பொருள். அதற்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, மரத்துப்போதல் என்று. இரண்டு சொல்லும் ஒரே மரத்திலிருந்து வந்தவை. ஒன்றைப் பாராட்டுக்கு வைத்துக்கொண்டோம்.

அப்பாயி இறந்த பிறகு நெற்குதிரை நகர்த்தினோம். அதன் பின்னால் சுவரோரம் பதினொரு காலிப் புட்டிகள். மூட்டுவலித் தைலம். பன்னிரண்டாவதில் பாதி இருந்தது. யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். பால்காரர். எத்தனை ஆண்டாக என்று அவருக்கே நினைவில்லை. "வீட்டில் சொல்லாதே என்றார், நான் சொல்லவில்லை" என்றார்.

அந்த நெல் மூட்டையை நான் ரசித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். பதினேழு வயது எனக்கு. இரண்டு கையும் சும்மாதான் இருந்தன.

மார்ச் 18

"அந்தக் காலத்துச் சாப்பாடு, கேழ்வரகு, கம்பு, அதனால்தான் உடம்பு கெட்டி" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கூழை நான் குறை சொல்ல மாட்டேன், இன்றும் குடிக்கிறேன். ஆனால் விடுதலை அடைந்த காலத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் சுமார் 32. பிறந்த குழந்தைகளும் பிரசவத்தில் போன பெண்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களும் கூழ்தான் குடித்தார்கள். என் அப்பாயி பெற்ற பத்தில் நான்கு, காயலான் கடைக்குப் போன வார்ப்புக்கல் கணக்கு. எழுதவே கை கூசுகிறது, ஆனால் கணக்கு அதுதான்.

மார்ச் 25

நம்ப மாட்டீர்கள், இன்று தெருவில் கல் கொத்துபவர் வந்தார். நான்கு ஆண்டாகக் காணவில்லை. மிதிவண்டி, கோணிப்பை, சுத்தி, மூன்று உளி. ஓடிப்போய் நிறுத்தினேன்.

கேள்வி கேட்டவர் கொல்லையில் 'அப்படியே' கிடக்கிறது என்ற அந்த ஆட்டுக்கல்லை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது அரைக்காது, மாவு வழுக்கிக்கொண்டு சுற்றும். கருங்கல்லே ஆனாலும் அரைக்க அரைக்கத் தேயும். சொரசொரப்பு போகும். ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒரு முறை உளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்த வேண்டும். கொத்திய கல்லில் முதலில் தவிட்டையோ உமியையோ போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இட்லியில் மணல் பல்லில் படும். மின்சாரக் கிரைண்டர் கல்லும் தேயும், அதையும் கொத்தலாம். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டரே ஆனாலும் கல் கல்தான் என்றார் அவர்.

அம்மிக்கும் குழவிக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. இடது கண் சிவந்திருந்தது. சில்லு தெறித்ததாம், போன வாரம். கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூடாதா என்றேன். போட்டால் கல்லின் நிறம் தெரியவில்லை, எங்கே கொத்தியது எங்கே கொத்தாதது என்று குழம்புகிறது என்றார். மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, நல்லதுதான் என்றும் சொன்னார்.

அவர் கொத்திக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரே நினைப்பு. கல்லுக்கே ஆள் வைத்திருந்தோம்.

ஏப்ரல் 2

"தத்துவமெல்லாம் சரி, எந்த மிக்சி வாங்குவது?" என்று கேள்வி கேட்டவர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார். நியாயம்.

கடைக்குப் போகும் முன் உங்கள் தெருவில் மிக்சி பழுதுபார்ப்பவரிடம் போங்கள். எந்த மிக்சிக்கு ஜாடியின் பிளேடும் கப்ளரும் கார்பனும் அவர் கடை ஆணியில் தொங்குகிறதோ அதை வாங்குங்கள். விளம்பரத்தில் வருவதற்கும் ஆணியில் தொங்குவதற்கும் சம்பந்தம் இருக்காது.

இரண்டாவது, கருகல் வாடை வந்தது என்றீர்கள். அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும், அது வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? மோட்டாருக்குச் சுமை அதிகமானால் அது தானாகத் துண்டித்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். சத்தம் வந்தது என்றால் கப்ளர் கிழிந்திருக்கலாம். மோட்டாருக்கும் ஜாடிக்கும் நடுவில் பல் பல்லாக இருக்குமே, அந்தச் சின்னத் துண்டு. ஜாடி சிக்கிக்கொண்டால் மோட்டாருக்குப் பதிலாக அது தேய்ந்து கிழியும். அதன் விலை மோட்டாரின் விலையில் கால்வாசிகூட வராது. எங்கள் பழுதுபார்ப்பவர் சொல்வார், கப்ளரை யாராவது இரும்பில் செய்து போட்டால் எனக்கு நல்ல வருமானம் என்று.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது என் மாமியார் ஞாபகம் வந்துவிட்டார். மதியம் இரண்டு மணி ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். வீட்டில் கல்யாணம் என்றாலும் சரி, சம்பந்தி வந்திருக்கிறார்கள் என்றாலும் சரி. "எனக்கு முடியவில்லை" என்பார், வெட்கமே இல்லாமல். நான்கு மணிக்குத்தான் கதவு திறக்கும். அந்தத் தெருவே அவரைச் சோம்பேறி என்றது. நானும் சொல்லியிருக்கிறேன், சமையலறையில், அவர் காதில் விழும்படி. எண்பத்தொன்பது வயது வரை இருந்தார். கடைசி மாதம் வரை தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார். அவரை யாரும் வைரம் பாய்ந்த கட்டை என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 3

இல்லை, அதிலும் முழு நியாயம் இல்லை. அவர் கதவைச் சாத்திய அந்த இரண்டு மணி நேரம் பாத்திரம் தேய்த்தது நான். சிவப்புப் பொத்தான் ஒருவரிடம் இருந்தால் சுமை பக்கத்தில் இருப்பவருக்குப் போகிறது. இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் நேற்று மதியம் நானும் கதவைச் சாத்திப் பார்த்தேன். இரண்டரைக்குக் கணவர் தட்டினார், காப்பித்தூள் டப்பா எங்கே என்று. முப்பத்தைந்து ஆண்டாக அதே தட்டில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21

மகள் புதுக்கல் ஒன்று கேட்டாள், தகட்டுக்கல் வாங்கிப் பழக்கி அனுப்பினேன். ஒரு வாரம் சாதம் வடித்த கஞ்சி ஊற்றி ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி. அவள் சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு படம் அனுப்பி "இது செத்துவிட்டதா அம்மா?" என்கிறாள். துருவைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். முதல் மூன்று தோசை பிய்ந்துவிட்டதாம். நான்காவது பாதி வந்ததாம்.

அம்மாவிடம் சொன்னேன். "உன் கல்லும் முதல் மாதம் அப்படித்தான். நீ பார்க்கவில்லை" என்றார்.

கேள்வி கேட்டவரே, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா இல்லையா? இருபது நாளாகப் பதிலே காணோம்.